காபி விளையும் பரப்பு விரிந்தால் சிறு வணிகருக்கு விலை குறையுமா?

கேள்வி இது: "பச்சைக்கொட்டை வாங்கி, நானே வறுத்து, கடைகளுக்கும் வீடுகளுக்கும் விற்கிறேன். சீனாவின் யுன்னான், ஆப்பிரிக்காவின் உகாண்டா என்று பல இடங்களில் காபி பெருகுவதாகப் படிக்கிறேன். அப்படியென்றால் இன்னும் சில ஆண்டுகளில் கொள்முதல் விலை இறங்கும் என்று நம்பித் தொழிலைப் பெரிதாக்கலாமா? அல்லது இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தான் லாபமா?"

விலையை நம்பிப் பெரிதாக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். விலை இறங்கும் காலம் வரும். ஆனால் எப்போது வரும், எத்தனை நாள் நிற்கும் என்பது உங்கள் கையிலும் இல்லை, செடி நடுகிறவர் கையிலும் இல்லை. புதிய பகுதிகளால் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய பயன் வேறு. ஓரிடத்தில் விளைச்சல் கெட்டால் இன்னோரிடத்திலிருந்து வாங்க முடியும். அந்த வசதியைப் பயன்படுத்தும் விதமாக உங்கள் கலவையையும் கொள்முதலையும் அமைத்துக்கொண்டால் பெரிய நிறுவனத்தைவிட வேகமாக நீங்கள் மாறலாம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "அடுத்த ஆண்டு விலை இறங்கிவிடும்" என்ற கணக்கில் கடன் வாங்கி மாட்டிக்கொண்ட சிறு தொழில்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கால இடைவெளி. விலை ஏறியிருக்கிறது என்று இந்த ஆண்டு நாற்று நட்டால் முதல் காய்ப்புக்கே 3, 4 ஆண்டு ஆகும். நல்ல மகசூல் அதற்கும் பிறகுதான். அதே விலையைப் பார்த்துப் பல நாடுகளில் ஏராளமானோர் ஒரே சமயத்தில் நட்டிருப்பார்கள். எல்லாருடைய அறுவடையும் ஒன்றாகச் சந்தைக்கு வரும், விலை சரியும். சரிந்ததும் உரம் குறையும், கவ்வாத்து நின்றுபோகும், பூச்சியும் நோயும் ஏறும், சில ஆண்டுகளில் மறுபடி பற்றாக்குறை. நட்ட மரம் இருபது முப்பது ஆண்டு நிற்கும் என்பதால், ஏறிய விலை சீக்கிரம் முடிந்துவிடும், சரிந்த விலை நீண்டு கிடக்கும்.

பரப்பு விரிந்ததால் உலகமே மாறிய இரண்டு சந்தர்ப்பங்களைப் பார்த்தால் இது புரியும்.

1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் விழுந்த உறைபனி அங்கிருந்த காபி மரங்களில் பெரும்பகுதியைக் கருக்கிவிட்டது. 1977இல், உலகக் காபி விலைக்கு அளவுகோலான நியூயார்க் சந்தையில் விலை பவுண்டுக்கு 3 டாலரைத் தாண்டியது. பயிர் வடக்கே, உறைபனி அதிகம் எட்டாத மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துக்கு நகர்ந்தது. அங்கே செராடோ என்னும் புல்வெளிச் சமவெளி அதுவரை விவசாயத்துக்கு உதவாத அமில மண் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. சுண்ணாம்பு போட்டு மண்ணைத் திருத்தினார்கள், உரம் போட்டார்கள். தரை சமமாக இருந்ததால் அறுவடைக்கு இயந்திரம் இறங்கியது. அறுவடை மாதங்களில் மழை இல்லாததால் பழத்தைக் களத்தில் பரப்பி நிதானமாகக் காயவைக்க முடிந்தது. இன்று பிரேசில் காபியில் ஏறக்குறைய பாதி மினாஸ் ஜெராய்ஸிலிருந்துதான் வருகிறது. அந்தச் செராடோ பகுதி 'செராடோ மினெய்ரோ' என்ற பெயரில் 2013இல் தனி மூலப்பெயர் அங்கீகாரமும் பெற்றது, அதாவது அங்கே விளைந்த காபிக்கு மட்டுமே அந்தப் பெயர். நீங்கள் வாங்கும் எஸ்பிரசோ கலவைக்கு அடித்தளமாக இருக்கும் கொட்டை, ஒருகாலத்தில் 'காபி வராது' என்று சொல்லப்பட்ட நிலத்திலிருந்து வந்ததாக இருக்கலாம்.

இரண்டாவது வியட்நாம். 1986இல் பொருளாதாரக் கொள்கை மாறியபின் மத்திய மேட்டுநிலத்தில், குறிப்பாக டாக் லாக் பகுதியில், ரோபஸ்டா என்னும் முரட்டுச் சுவைக் காபி இனம் வெள்ளம்போலப் பரவியது. 1990இல் விளைச்சல் பதினைந்து லட்சம் மூட்டைக்கும் (மூட்டை 60 கிலோ) குறைவு. பத்தே ஆண்டில் ஏறக்குறைய பத்து மடங்கு. கொலம்பியாவைத் தாண்டி உலகின் இரண்டாம் இடம். இதே காலத்தில்தான், 1989இல், நாடுகளுக்கு ஏற்றுமதி அளவு நிர்ணயித்து விலையைத் தாங்கிப் பிடித்திருந்த சர்வதேச ஒப்பந்தமும் உடைந்தது. 2001 இறுதியில் நியூயார்க்கில், மென்சுவை இனமான அரபிகா பவுண்டுக்கு 50 சென்டுக்கும் கீழே போனது. மத்திய அமெரிக்காவில் பழம் பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டாமல் தோட்டங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். எத்தியோப்பியாவில் சிலர் காபியைப் பிடுங்கிவிட்டு காட் என்னும் மெல்லும் இலைச்செடியை வைத்தார்கள்.

அந்த மலிவு யாருக்குப் போனது? பெரிய நிறுவனங்கள் கலவையில் ரோபஸ்டாவின் பங்கைக் கூட்டின. ரோபஸ்டாவின் முரட்டுச் சுவையை நீராவியில் பதப்படுத்திக் குறைக்கும் முறைகளும் அவர்களிடம் இருந்தன. கடையலமாரியில் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. பல கன்டெய்னர்களை ஒரே கையெழுத்தில் வாங்குகிறவருக்குத்தான் விலைச் சரிவின் முழுப் பயனும் போய்ச்சேரும். சிறு வறுப்பாளர்கள் அந்தப் போட்டியில் விலையால் ஜெயிக்கவில்லை, தரத்தால்தான் ஓரிடம் பிடித்தார்கள். 1999இல் பிரேசிலில் தொடங்கிய 'கப் ஆஃப் எக்ஸலன்ஸ்' போன்ற தரப் போட்டிகளும் ஏலங்களும் அந்தச் சரிவுக் காலத்தில்தான் வளர்ந்தன.

சரி, உங்கள் விலைப்பட்டியலில் நியூயார்க் விலை எப்படி வந்து சேர்கிறது? அங்கே ஒரு முன்பேர ஒப்பந்தம் 37,500 பவுண்டு, அதாவது 17 டன். ஒரு கன்டெய்னர் சுமார் 19 டன். நீங்கள் வாங்குவது ஐந்து மூட்டையோ இருபது மூட்டையோ. ஆகவே சந்தை விலைக்கு மேல் ஏற்றுமதியாளரின் கூடுதல் தொகை, கப்பல், கிடங்கு, இறக்குமதியாளர் போட்ட பணத்துக்கு வட்டி, அவருடைய லாபம் எல்லாம் சேர்ந்துதான் உங்கள் விலை. சந்தை விலை இறங்கும்போது நல்ல தரத்துக்கான கூடுதல் தொகை பெரும்பாலும் ஏறும், ஏனென்றால் கட்டுப்படியாகாத விலைக்கு நல்ல கொட்டையை யாரும் தரமாட்டார்கள். செய்தியில் பார்க்கும் சரிவு உங்கள் ரசீதில் அப்படியே தெரியாததற்கு இதுதான் காரணம்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். நியூயார்க்கில் பவுண்டுக்கு 1 டாலர் ஏறினால் பச்சைக்கொட்டை கிலோவுக்கு 2.20 டாலர் ஏறும். வறுக்கும்போது எடையில் 15 முதல் 20 சதவீதம் போய்விடும். ஆக, வறுத்த கிலோவுக்கு 2.65 டாலர் அளவில் கூடும். எஸ்பிரசோவுக்கு 18 கிராம் என்று வைத்தால் கிலோவுக்கு 55 கப். கப் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 சென்ட்தான். கப்பில் ஊற்றி விற்கிற கடைக்கு வாடகையும் கூலியும் பாலும்தான் பெரிய செலவு, கொட்டை விலை இரட்டித்தாலும் தாங்கிவிடும். வறுத்துப் பொட்டலமாக விற்கிற உங்களுக்கு அப்படியில்லை, அந்த 2.65 டாலர் முழுக்க உங்கள் தலையில். அதைவிட மோசமானது கையிருப்புப் பணம். 60 கிலோ மூட்டை பவுண்டு 2 டாலர் விலையில் சுமார் 265 டாலர், 4 டாலர் விலையில் 530 டாலர். அதே அலமாரியை நிரப்ப இரு மடங்கு பணம் முடங்கும், விற்பனை இரு மடங்காகாது. விலை ஏறும்போது சிறு தொழில் திணறுவது பெரும்பாலும் நஷ்டத்தால் அல்ல, கையில் பணம் இல்லாததால்.

அப்படியென்றால் இவ்வளவு இடங்களில் காபி பரவியும் விலை ஏன் இப்படி ஏறியது என்று கேட்பீர்கள். 2024 டிசம்பரில் அரபிகா 1977 உச்சத்தைத் தாண்டியது, 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு 4 டாலரையும் கடந்தது. பதில் எளிது. பிரேசிலும் வியட்நாமும் சேர்ந்து உலகக் காபியில் பாதிக்கு மேல் தருகின்றன. இரண்டிலும் வறட்சி வந்தது. வியட்நாமில் பல விவசாயிகள் காபியை எடுத்துவிட்டு நல்ல விலை போகிற டுரியன் பழ மரத்துக்குப் போயிருந்தார்கள். பரப்பு விரிவது ஒரு பக்கம் நடக்கும்போதே இன்னொரு பக்கம் சுருங்குவதும் நடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

புதிய பகுதிகள் அந்த ஓட்டையை அடைக்குமா? யுன்னானை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் காபியில் கிட்டத்தட்ட எல்லாமே அந்த மாகாணத்திலிருந்துதான், பூ-அர், பாவோஷான் போன்ற இடங்களில். ஆனால் மொத்தமே ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் மூட்டை. உலக உற்பத்தி 17 கோடி மூட்டைக்கு மேல். அந்த 20 லட்சத்திலும் கணிசமான பங்கை இப்போது சீனாவின் சொந்தக் கடைகளே குடித்துத் தீர்க்கின்றன. விளைவிக்கிற நாடு குடிக்கவும் பழகும்போது புதிய பரப்பு உலகச் சந்தைக்குப் புதிய சரக்காக வராமல் போகலாம். பிரேசிலே உலகின் மிகப் பெரிய குடிக்கும் நாடுகளில் ஒன்று. கலிபோர்னியாவின் தென்பகுதியில் அவகாடோ மரங்களுக்கு நடுவே வைத்திருக்கிற காபி, சிசிலியில் முயற்சி செய்கிற காபி எல்லாம் செய்திக்கு நன்றாக இருக்கும். கூலி அதிகமான இடத்தில் கையால் பறிக்கும் பயிர் உங்கள் கொள்முதலைத் தொடப்போவதில்லை.

இதில் என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறு. இப்போது 'விரிவு' என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி வெறும் இடமாற்றம். அரபிகாவுக்கு ஆண்டுச் சராசரி வெப்பம் 18 முதல் 22 டிகிரிக்குள் இருப்பது உகந்தது. சூடு ஏற ஏற மலையில் மேலே போக வேண்டும். மேலே போகப் போக நிலம் குறுகும், அங்கே ஏற்கெனவே காடு இருக்கும். 2050க்குள் காபிக்கு ஏற்ற பரப்பு ஏறக்குறைய பாதியாகலாம் என்று 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எத்தியோப்பியாவில் இப்போது காபி விளையும் நிலத்தில் 39 முதல் 59 சதவீதம் உகந்ததாக இல்லாமல் போகலாம் என்று 2017 ஆய்வு சொன்னது, அதேசமயம் மேட்டுப் பகுதிகளில் புதிய வாய்ப்பு திறக்கும் என்றும் சொன்னது. புதிதாக நட்ட ஹெக்டேர்களை மட்டும் எண்ணுகிறவர் கைவிட்ட ஹெக்டேர்களை எண்ணுவதில்லை.

காட்டை அழித்து நட்ட காபிக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்தது அங்கே விற்கக்கூடாது. ஒவ்வொரு தோட்டத்தின் இருப்பிடமும் வரைபடப் புள்ளியாகத் தரப்பட வேண்டும், 4 ஹெக்டேருக்கு மேற்பட்டால் எல்லைக்கோடே வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போனாலும் இறக்குமதியாளர்கள் முன்கூட்டியே மாறத் தொடங்கிவிட்டார்கள். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் நூற்றுக்கணக்கானவர்களின் பழம் ஒரே பதப்படுத்தும் நிலையத்தில் கலக்கிற இடங்களில் இந்தக் காகிதம் தயாரிப்பது பெரும் வேலை. பெரிய எஸ்டேட்டுக்கு இது சுலபம். எந்தத் தவறும் செய்யாத சிறு விவசாயி காகிதம் இல்லாததால் வெளியே நிற்கும் ஆபத்து இருக்கிறது, அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. நீங்கள் எந்த நாட்டில் விற்றாலும், புதிய பகுதியின் கொட்டை என்றால் "அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது" என்று இறக்குமதியாளரிடம் கேளுங்கள். கேட்பவர்கள் அதிகமானால் அந்தச் சிறு விவசாயிக்குக் காகிதம் தயாரித்துத் தரும் செலவை ஏற்க ஏற்றுமதியாளருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம். புதிய பகுதியிலிருந்து வரும் மாதிரியைச் சோதிக்கும்போது பழைய பகுதிக்குக் காட்டும் சலுகையைக் காட்டக்கூடாது. வழக்கமான 350 கிராம் மாதிரியை வெள்ளைத் தாளில் கொட்டி, கறுத்தது, புளித்தது, பூச்சி துளைத்தது, உடைந்தது எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து எண்ணுங்கள். ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் களத்தில் அவசரப்பட்டிருக்கிறார்கள், கப்பலிலேயே பூஞ்சை வாடை ஏறிவிடும். அப்புறம் கொஞ்சம் வறுத்துப் பாருங்கள். நன்றாகப் பழுப்பேறிய கொட்டைகளுக்கு நடுவே வெளிறிய மஞ்சளாகச் சில கொட்டைகள் நின்றால் அவை பழுக்காமல் பறித்தவை. பச்சையாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, வறுத்தபின்தான் காட்டிக்கொடுக்கும். அந்த வெளிறிய கொட்டையைத் தனியே எடுத்துக் கடித்தால் காய்ந்த வேர்க்கடலைத் தோல் மாதிரி ஒரு சுவை வரும். இளம் தோட்டங்களில் பழம் ஒரே சீராகப் பழுப்பதில்லை, பறிப்பவர்களுக்கும் பழக்கம் போதாது, அதனால் இந்தக் குறை புதிய இடங்களில் அதிகம்.

விலை பேசும்போது வரும் மாதிரி ஒன்று, கப்பலேறுமுன் வரும் மாதிரி ஒன்று, கிடங்குக்கு வந்தபின் எடுக்கும் மாதிரி ஒன்று. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துச் சுவைத்துப் பாருங்கள். புதிய பகுதியில் முதல் மாதிரிக்கும் மூன்றாவதற்கும் இடைவெளி பெரிதாக இருக்கும். பொறுக்கி எடுத்த சிறந்த கொட்டையை மாதிரியாக அனுப்பிவிட்டு மொத்தச் சரக்கை அதே தரத்தில் தர முடியாமல் போவது ஏமாற்று வேலையாகவே இருக்க வேண்டியதில்லை, பல இடங்களில் போதுமான களமோ கிடங்கோ இல்லை என்பதுதான் காரணம். அதனால் முதல் ஆண்டு கொஞ்சமாக வாங்குங்கள். இரண்டாம் அறுவடையும் அதே தரத்தில் வந்தால் அளவைக் கூட்டுங்கள். அந்த நிதானம் விற்பவருக்கும் நல்லது.

யுன்னான் கொட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே நட்டதில் பெரும்பாலும் கடிமோர் வகை. திமோரில் தற்செயலாகத் தோன்றிய அரபிகா-ரோபஸ்டா கலப்பின் வழிவந்தது, இலைத்துரு நோயைத் தாங்கும் என்று நட்டார்கள். ஒருகாலத்தில் 'சுவை போதாது' என்று மட்டமாகப் பேசப்பட்டது. பழுத்த பழத்தை மட்டும் பறித்துக் கவனமாகப் பதப்படுத்தத் தொடங்கியபின் அதே மரத்திலிருந்து நல்ல கொட்டை வருகிறது. மரத்தின் பெயரைப் பார்த்து ஒதுக்குவதைவிடக் கோப்பையைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது. உகாண்டாவின் கழுவிப் பதப்படுத்திய ரோபஸ்டாவுக்கும் இதே மரியாதையைக் கொடுத்துப் பாருங்கள், பால் சேர்க்கும் கலவைக்கு அருமையாகப் பொருந்தும். ரோபஸ்டா உங்களுக்கு மலிவான நிரப்பி மட்டும் என்ற எண்ணம் இருந்தால் அதை மாற்றிக்கொள்ளும் நேரம் இது. 24, 25 டிகிரி சூட்டிலும் அரபிகா மாதிரிச் சுவை தருகிற ஸ்டெனோஃபில்லா போன்ற இனங்கள் பற்றியும் பேச்சு இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் மறக்கப்பட்டுக் கிடந்த இனம் அது. நம்பிக்கை தரும் செய்தி, ஆனால் உங்கள் கிடங்குக்கு மூட்டை மூட்டையாக வர வெகுகாலம் ஆகும்.

இத்தனை இடங்கள் இருப்பதில் உடனே கிடைக்கும் லாபம் ஒன்று உண்டு. பிரேசிலில் மே முதல் செப்டம்பர் வரை அறுவடை. எத்தியோப்பியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஆண்டின் இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டின் முதல் மாதங்கள் வரை. கொலம்பியாவில் பகுதியைப் பொறுத்து ஆண்டுக்கு இரு அறுவடை. நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாங்கினால் ஆண்டு முழுக்கப் புதுச் சரக்கே வறுக்கலாம், ஓராண்டு கிடந்து மரச்சட்டம் மாதிரி ருசிக்கிற கொட்டையை யாருக்கும் விற்க வேண்டியதில்லை.

இதற்கு உங்கள் கலவை இடம் கொடுக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் நாட்டின் பெயரைப் பெரிதாக அச்சடித்துவிட்டால் அந்த நாட்டில் பனி விழுந்தால் நீங்களும் நடுங்க வேண்டும். கலவையில் ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு வேலை உண்டு. ஒன்று கனம் தரும், ஒன்று இனிப்பு, ஒன்று புளிப்பும் மணமும். அந்த வேலைகளை எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகுதிகளைச் சோதித்து வைத்திருங்கள். கலவைக்குச் சுவையைச் சொல்லும் பெயர் வையுங்கள். மாற்றும்போது ஒரேயடியாக மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், மாற்றியதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். பல நாட்டில் ஆயிரக்கணக்கான கடைகளுக்கு ஒரே சுவை தரவேண்டிய நிறுவனத்தால் இதைச் சுலபமாகச் செய்ய முடியாது, உங்களால் முடியும்.

கொள்முதலில் பாதி அளவுக்காவது பழகிய விற்பனையாளரிடம் முன்கூட்டியே ஒப்பந்தம் வையுங்கள், மீதியைச் சந்தை போகிற போக்கில் வாங்கலாம். விலை சரியும் ஆண்டில் புதிய பகுதியின் மலிவுச் சரக்கைக் கண்டு பழைய உறவை முழுசாக விட்டுவிடாதீர்கள். 2001இல் கைவிடப்பட்ட தோட்டங்கள் எல்லாம் திரும்பி வரவில்லை. நிலம் மேய்ச்சலுக்கோ வேறு பயிருக்கோ போய்விட்டால், விலை ஏறும் ஆண்டில் உங்களுக்குத் தேவைப்படும் அந்தக் கொட்டை உலகத்திலேயே இருக்காது.

கடைசியாக, தொழிலைப் பெரிதாக்கும் கேள்விக்கு. 2024, 2025 உச்ச விலையைப் பார்த்து நட்ட செடிகள் 2028, 2029 வாக்கில் நன்றாகக் காய்க்கத் தொடங்கும். இடையில் பிரேசிலில் கடும் பனியோ வறட்சியோ வராமல் இருந்தால் அந்தச் சமயத்தில் சரக்கு பெருகி விலை அழுத்தப்படும் என்பது என் கணிப்பு. ஆனால் வறுக்கும் இயந்திரத்துக்கு வாங்கும் கடன் தவணை அடுத்த மாதமே தொடங்கிவிடும். இன்றைய கொட்டை விலையில் அந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள். முடியாது என்றால் இருக்கிற இயந்திரத்தில் இன்னொரு நாள் கூடுதலாக வறுத்து, கையில் இரண்டு மாதக் கொள்முதலுக்கான பணத்தை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.